மாதாவுக்கு மேடை போட எடுத்த பலகைகள்

ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் என்னைப் பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த சாமான்கள் வேறு வேறு. தோடம்பழம், பிஸ்கட், போத்தலில் சூப், மந்திரித்த எண்ணெய். சொன்ன சொல் மட்டும் ஒன்றுதான். "மாதாதான் உன்னைக் காப்பாத்தினவ." நான் தலையாட்டினேன். ஆட்டாமல் விட்டால் காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது என்று தாதி மிஸ்ஸியைக் கூப்பிட்டுவிடுவார்கள். மாதா காப்பாற்றியதை நான் மறுக்கவில்லை, இன்றைக்கும் மறுக்கமாட்டேன். ஆனால் மாதா காப்பாற்றும்படியான நிலை எனக்கு ஏன் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இதை எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

என் பெயர் ரெஜினா. மன்னாரில், கீரி என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு உப்புக் களஞ்சியத்தில் மூட்டை வாய் தைக்கும் வேலை செய்தேன். என் மனுசன் சூசை ஓலைத்தொடுவாயில் கடற்றொழில் செய்கிறவர். களஞ்சியத்துக்கு மேற்பார்வையாளர் என் சொந்த அண்ணன் அருளப்பு. அப்பா அம்மா இருவரும் நேரத்தோடு கண்ணை மூடியபிறகு என்னை வளர்த்து, படிப்பித்து, கலியாணம் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். அவர் மீது எனக்குள்ள மரியாதையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் அது பொய்க்கதையாகிவிடும்.

உப்பு அடுக்குவது சீனி, மா அடுக்குவது போல இல்லை. உப்பு எங்கே ஈரம் கண்டாலும் குடிக்கும். காற்றில் இருப்பதையும் குடிக்கும், நிலத்தில் இருப்பதையும் குடிக்கும். குடித்தால் கரையும், கரைந்தால் மூட்டை சூம்பும். அடியில் இருக்கும் மூட்டை சூம்பினால் மேலே இருப்பது முழுவதும் ஆட்டம் காணும். அதனால் எங்கள் களஞ்சியத்தில் சீமெந்து நிலத்தின்மேல் மரச்சட்டம் அடித்த பலகைத் தட்டுகளைப் போட்டு, அவற்றின்மேல்தான் மூட்டை வைப்போம். சுவருக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் இடம் விடவேண்டும். ஒரு வரிசை நீளவாக்கில் என்றால் அடுத்தது குறுக்காக வரவேண்டும், கல் கட்டுவது மாதிரி. ஆளுயரத்துக்கு மேலே போகக்கூடாது. அடுக்கின் காலடியில் ஒருவரும் இருந்து வேலை செய்யக்கூடாது. இவ்வளவும் வாசலுக்கு நேரே சுவரில் நீலப் பெயின்றால் எழுதியிருந்தது. எழுதியவரும் அண்ணன்தான். அவருக்கு முத்துமுத்தான எழுத்து.

ஒக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். பங்குக் கோவில் மாதா சொரூபம் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்கு வரும். அன்றிரவு அந்த வீட்டில் அயலவர் கூடிச் செபமாலை சொல்லி, மறுநாள் பாட்டுப் பாடி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவோம். அந்த வருடம் களஞ்சியத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து, மாதா எங்கள் வேலைத்தலத்துக்கும் வரவேண்டும் என்று கேட்டோம். முதலாளி ஓமென்றார், பங்குச் சுவாமியும் ஓமென்றார். அண்ணனுக்குச் சந்தோஷத்தில் கால் நிலத்தில் நிற்கவில்லை.

மாதாவை வெறும் மேசையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. படி வைத்து உயரமாக மேடை கட்ட வேண்டும் என்றார். பந்தல்காரரிடம் பலகை இல்லை. அண்ணன் களஞ்சியத்தைச் சுற்றிப் பார்த்தார். மூட்டைகளுக்கு அடியில் நல்ல பலமான பலகைத் தட்டுகள் கிடந்தன. ஆட்களை விட்டு மூட்டைகளை இறக்கி, தட்டுகளை எடுத்து, மூட்டைகளை வெறும் சீமெந்தில், கடற்பக்கச் சுவரோடு ஒட்டி, எட்டாத உயரத்துக்கு அடுக்கச் செய்தார். அப்போதுதான் நடுவில் சனம் இருக்க இடம் வரும்.

தூக்கிக்கொண்டிருந்த ஒருவர் மெல்ல, "அண்ணை, இதுகள் நிலத்தில கிடக்கலாமோ?" என்று கேட்டார்.

"ரெண்டு நாளைக்குத்தானே. மாதாவுக்கு எடுக்கிறதை ஆர் வேண்டாமெண்டு சொல்லுறது?" என்றார் அண்ணன்.

அதற்குமேல் யார் வாய் திறப்பார்கள்? முதலாளியின் மகளுடைய பிறந்தநாளுக்கு மேடை போட அந்தப் பலகைகளை எடுத்திருந்தால் நாங்கள் சண்டை பிடித்திருப்போம். மாதாவுக்கு என்றதும் எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. மேடை மிகவும் அழகாக இருந்தது. வெள்ளைத் துணி விரித்து, கடதாசிப் பூ ஒட்டி, விளக்குச் சரம் கட்டியிருந்தார்கள். நானும் அதற்கு முன்னால் முழந்தாளில் இருந்து என் மகள் டிலானியின் படிப்புக்காக அழுது மன்றாடினேன்.

மறுநாள் மாதா அடுத்த வீட்டுக்குப் போனார். மேடையும் கூடப் போனது. இவ்வளவு நல்ல மேடையை ஏன் கழற்றுவது, எங்களுக்கும் தாங்கோ என்று அந்த வீட்டார் கேட்டார்கள். பிறகு அதற்கடுத்த வீட்டாரும் கேட்டார்கள். அப்படியே எங்கள் பலகைகள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. மூட்டைகள் நிலத்திலேயே கிடந்தன. அதற்கிடையில் மாரி மழை தொடங்கிவிட்டது.

விபத்து நடந்த அன்று மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடவென்று எதிர்க்கடைக்குப் போனார்கள். டிலானியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போக வேண்டும் என்பதால் மிச்சத்தைத் தைத்து முடித்துவிட்டுப் போகலாம் என்று நான் இருந்தேன். சனம் இருக்க இடம் விட்டதில் எல்லாம் இடம் மாறிப்போய், வெளிச்சம் உள்ள ஒரே மூலை அந்த அடுக்கின் காலடிதான். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அது கொட்டும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. மூட்டைகளுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து என் செருப்பை நனைத்ததைக் கண்டேன். கூரை ஒழுகுகிறதாக்கும் என்று மேலே பார்த்தேன். மேலே பார்த்தபோதுதான் அடுக்கு என்னை நோக்கி வந்தது.

சத்தமில்லாமல் வந்தது. என்னைத் தள்ளி விழுத்தி, வலது காலை மூட்டை நிறுக்கும் தராசின் இரும்போடு சேர்த்து அமத்தியது. ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை மூட்டை விழுந்தது என்று எனக்குத் தெரியாது. முதலில் நோவே தெரியவில்லை. உப்புத் தண்ணீர் காயத்தில் பட்டபிறகுதான் உயிர் போனது. கத்தினேன். மழை விடவில்லை. கடைக்குப் போனவர்களும் மழை விடட்டும் என்று கடையிலேயே நின்றுவிட்டார்கள். நான் செபமாலை சொல்லத் தொடங்கினேன். சொல்லி முடித்து, திரும்பவும் தொடங்கி, எங்கே நிற்கிறேன் என்று மறந்துபோன நேரத்தில்தான் அண்ணனின் குரல் கேட்டது. மூட்டைகளை அவர் தூக்கவில்லை, பிய்த்து எறிந்தார்.

மன்னார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கெண்டைக்கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. எலும்பு முறிவு பெரிய விஷயமில்லை என்று டொக்டர் சொன்னபோது நான் மூச்சு விட்டேன். ஆனால் அவர் என் கால் விரல்களை அமத்தி அமத்திப் பார்த்தார். அமத்தினால் வெளிறும் தோல், விட்டதும் திரும்பச் சிவக்க வேண்டும். என் விரல் சிவக்கவில்லை. "பெருவிரலை ஆட்டுங்கோ பாப்பம், அம்மா" என்றார். ஆட்டினேன். ஆட்டியதாகத்தான் நினைத்தேன், விரல் அசையவில்லை. உடனே அம்புலன்ஸில் ஏற்றி, பூநகரி வழியாக யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அண்ணனும் சூசையும் என்னோடு ஏறினார்கள்.

யாழ்ப்பாணத்து டொக்டர் விளங்கப்படுத்தியதை நான் விளங்கிக்கொண்ட மாதிரியே சொல்கிறேன். காலில் உள்ள தசையைச் சுற்றி இறுக்கமான ஒரு உறை இருக்கிறது. தசை நசுங்கி வீங்கினால் அந்த உறை விரிந்து கொடுக்காது. உள்ளே அமத்தம் கூடி, இரத்தம் ஓடாமல் தசை சாகத் தொடங்கும். அதனால் காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி, உறையைத் திறந்துவிட வேண்டும். அப்படியே செய்தார்கள். தைக்காமல், திறந்தபடி பஞ்சு வைத்துக் கட்டிவிட்டார்கள். முதல் தடவை கட்டு மாற்றும்போது நான் பார்த்துவிட்டேன். அதன்பிறகு மிஸ்ஸி வருகிற சத்தம் கேட்டாலே தலையணையால் முகத்தை மூடிக்கொள்வேன்.

இன்னொரு பயமும் இருந்தது. நசுங்கிய தசையிலிருந்து ஒரு கழிவு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைப் போய் அடைக்குமாம். கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கிய பையில் என் சிறுநீர் பால் விடாத சாயத் தேத்தண்ணி நிறத்தில் இறங்கியது. மிஸ்ஸி அதை அளந்து அளந்து எழுதினார். அது குறைந்தால் என் உயிருக்கு ஆபத்து என்றும், கூடி வெளுத்தால் நல்லது என்றும் சொன்னார்கள். வார்ட்டில் இரவுகள் நீளமானவை. யாரோ முனகுவார்கள், யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நான் அந்தப் பையையும் காலையும் மாறி மாறிப் பார்த்தபடி கிடப்பேன். கால் இருக்குமா, போகுமா என்பதைத் தவிர வேறு நினைவே இருக்கவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் வைத்தியத்துக்குக் காசில்லை. ஆனாலும் சூசை தொழிலுக்குப் போகாமல் வார்ட்டு வாசலில் கிடந்தார். அண்ணன் செய்ததை ஒரு அண்ணனும் செய்திருக்கமாட்டார். பெண்கள் வார்ட்டில் ஆம்பிளையள் நிற்க விடமாட்டார்கள். அவர் மிஸ்ஸிமாரிடம் கெஞ்சி உள்ளே வந்து, எனக்குத் தலை சீவி, சோறு குழைத்து ஊட்டிவிடுவார். என் கண்ணை மட்டும் பார்க்கமாட்டார். சோற்றைப் பார்த்துக்கொண்டே கதைப்பார்.

பக்கத்துக் கட்டிலில் கமலாக்கா இருந்தார். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற குடும்பம். சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் காலில் புண் வந்து சேர்ந்திருந்தவர். திருநீறு பூசியபடி என்னைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"பிள்ளை, அந்த மூட்டையள் ஏன் சரிஞ்சது?"

வந்தவர் போனவர் ஒருவரும் கேட்காத கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள், சோறு குழைத்துக்கொண்டிருந்த அண்ணன் முந்திக்கொண்டார்.

"மழை, அக்கா. நிலம் கசிஞ்சு போச்சு."

"மழை எங்கட ஊரிலயும்தான் பெய்யுது. நெல்லு மூட்டைக்குக் கீழ கட்டை போடாம நாங்கள் ஒருநாளும் வைக்கிறேல்ல. உங்கட ஆக்கள் போடுறேல்லையோ?"

அண்ணன் கோப்பையை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். நான் பார்வையாளர் நேரம் முடியும்வரை பார்த்தேன். அன்றைக்கு அவர் திரும்பி வரவில்லை.

அடுத்த நாள் டொக்டர் சூசையையும் அண்ணனையும் என் கட்டிலடிக்குக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். "தசை செத்துப்போச்சு. இந்தக் காலை வச்சிருந்தா சிறுநீரகம் ரெண்டும் நிண்டிடும். இப்ப வெட்டினா முழங்கால் மிஞ்சும், பொய்க்கால் போட்டு நடக்கலாம். பிந்தினா அதுவும் இல்லை, பிறகு உயிருக்கும் நான் பொறுப்புச் சொல்ல ஏலாது."

எனக்குக் கேட்டது கேட்காதது போல இருந்தது. அண்ணன்தான் கதைத்தார்.

"டொக்டர், தங்கச்சிக்காக நவநாள் தொடங்கியிருக்கிறம். அது முடியுமட்டும் பொறுங்கோ. மாதா கைவிடமாட்டா."

நவநாள் என்றால் ஒன்பது நாள் செபம். டொக்டர் என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. மாதாவின் பேரால் பலகையை எடுத்தாயிற்று, இனி மாதாவின் பேரால் முழங்காலையும் எடுக்கப் போகிறார்களா என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் திட்ட வாய் வரவில்லை. நவநாளுக்காகப் பசி கிடந்த முகம்.

"நவநாளை நீங்கள் சொல்லுங்கோ, அண்ணா. கையெழுத்தை நான் போடுறன்" என்றேன். என் பெயரை நானே வாசிக்க முடியாதபடி எழுதினேன்.

சூசை என் தலைமாட்டில் குனிந்தார். கடலில் நின்றே கதைத்துப் பழகியவர், அவருக்கு மெல்லக் கதைக்க வராது. வார்ட்டு முழுக்கக் கேட்கச் சொன்னார். "நீ நடக்காட்டி நான் தூக்கித் திரிவன், ரெஜி. நீ இல்லாட்டி நான் என்ன செய்யிறது?" கமலாக்கா மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அழுதேன். கால் நசுங்கியபோது அழுததைவிடக் கூட அழுதேன்.

முழங்கால் மிஞ்சியது. பையில் இறங்கிய சிறுநீர் மெல்ல மெல்ல வெளுத்தது. இன்றைக்கு நான் பொய்க்காலோடு கோவிலுக்கும் கடைக்கும் நடந்து போகிறேன், டிலானியைத் துரத்திப் பிடிக்க மட்டும் ஏலாது. ஆனால் அந்த முதல் நாட்களில் நடப்பேன் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம்தான் வந்தது. இல்லாத பெருவிரல் கடித்தது. இல்லாத குதிக்கால் எரிந்தது. வெட்டிய நரம்புக்குத் தான் வெட்டப்பட்டது தெரிய நாளெடுக்கும் என்று மிஸ்ஸி சொன்னார். நான் போர்வையைத் தூக்கிப் பார்ப்பேன். பார்த்துவிட்டுத் திரும்ப மூடுவேன்.

என் காலைத் துணியில் சுற்றி அண்ணனிடம் கொடுத்திருந்தார்கள். ஞானஸ்நான எண்ணெயும் தண்ணீரும் பட்ட உடம்பு, குப்பையோடு போகக்கூடாது என்று அவர் கேட்டு வாங்கியிருக்கிறார். வாடகைக்கு வான் பிடித்து ஊருக்குக் கொண்டுபோய், சேமக்காலையில் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்தார். அதை எனக்குச் சொன்னது சூசை. அண்ணன் அன்றிலிருந்து யாழ்ப்பாணம் வரவில்லை. களஞ்சியத்தில் வேலை கூட என்றார்கள்.

களஞ்சியத்துச் செய்தியும் சூசைதான் கொண்டுவந்தார். தொழில் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி வந்து விசாரித்தாராம். மழை என்று அண்ணன் சொன்னாராம், மற்றவர்களும் மழை என்றார்களாம். சரிந்த மூட்டைகளைத் திரும்பவும் அதே இடத்தில், அதே வெறும் நிலத்தில் அடுக்கியிருக்கிறார்கள். பலகைகள் இன்னும் மேடையாகக் கோவில் வளவில் கிடக்கின்றன. செபமாலை மாதம் முடிந்தும் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். சூசைக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பலகை திரும்பி வந்தால், அது போனது ஏன் என்று ஒருவர் கேட்பார்.

"என்ர இடத்தில இப்ப ஆர் தைக்கிறது?" என்று கேட்டேன்.

"பிலோமினா. உன்னைவிடச் சின்னப் பிள்ளை. வெளிச்சம் வேணுமெண்டு அதே மூலையிலதான் இருக்கிறாள்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கால் போனது போனதுதான். ஆனால் மழையால் போனது என்று அதைப் புதைத்தால், அடுத்த மழைக்கு அந்தப் பிள்ளையின் கால் போகும்.

இறந்த ஆன்மாக்களின் நாள் வந்தது. அன்று பின்னேரம் எங்கள் சனம் முழுக்கச் சேமக்காலையில்தான் நிற்கும். சுவாமி கல்லறைகளை மந்திரிப்பார், வீட்டுக்கு வீடு மெழுகுதிரி கொளுத்திச் செபம் சொல்வார்கள். களஞ்சியத்து ஆட்களும் அங்கேதான் நிற்பார்கள், முதலாளியும் நிற்பார். நான் வார்ட்டில் தலையணைக்குச் சாய்ந்திருந்தேன். போன் அடித்தது. அண்ணன்.

"தங்கச்சி, அம்மா அப்பாவுக்குக் கொளுத்தியிட்டன்" என்றார். பிறகு, "உன்ர... அந்த இடத்திலயும் ஒண்டு கொளுத்தவோ? கொளுத்தலாமோ எண்டு தெரியேல்ல. அதுதான் கேக்கிறன்."

உயிரோடு இருக்கிறவளின் காலுக்குத் திரி கொளுத்தலாமா என்று எந்தச் சுவாமியிடம் கேட்பது? எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் மீது எனக்கிருந்த கோபமும் பாசமும் ஒன்றாகக் கிளம்பின.

"கொளுத்துங்கோ, அண்ணா. கொளுத்திப்போட்டு, அது ஏன் போனது எண்டு அதுக்குச் சொல்லுங்கோ. எனக்குச் சொல்ல வேண்டாம். அதுக்குச் சொல்லுங்கோ. மழையெண்டு மட்டும் சொல்லாதேங்கோ."

அவர் போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை. காற்று இரைந்தது. பக்கத்துக் கல்லறையில் யாரோ பிள்ளைகளோடு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது. முதல் குச்சி அணைந்திருக்க வேண்டும், திரும்பவும் உரசினார்.

"மழையில்லை" என்றார். எனக்கில்லை, நிலத்துக்கு. "பலகையை எடுத்தது நான்."

பக்கத்தில் செபம் நின்றது. அண்ணன் நிறுத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்றிருக்க வேண்டும், குரல் உயர்ந்தது. சேமக்காலைக்கு வந்த சனம் முழுக்கக் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாக, சுவரில் எழுதுகிறவர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"எல்லாரும் கேளுங்கோ. இது என்ர தங்கச்சி ரெஜினாவின்ர கால். மூட்டைக்குக் கீழ இருந்த பலகையை நான் எடுத்தனான். சுவரோட ஒட்டி உயர அடுக்கச் சொன்னதும் நான்தான். அந்த அடுக்கு இன்னும் அப்பிடியேதான் நிக்குது. பிலோமினா, நாளைக்கு நான் அதை இறக்குமட்டும் நீ உள்ளுக்க போகாத, பிள்ளை."